வரிசையின் கணக்கு: கிராமத்து இணையத்தில் தாமதமும் சேரும் அளவும்



தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை இங்கே நடத்துவது டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு முதலில் ஒப்புதல் தந்தபோது ஓர் ஊராட்சிக்கு 100 மெகாபிட் என்றுதான் பேச்சு. தமிழ்நாட்டில் பணி தொடங்கிய கட்டத்தில் அது 1 கிகாபிட் ஆயிற்று. இது சிறிய காரியம் அல்ல. மலையும் காடும் வறண்ட மேட்டு நிலமுமாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்துக்கு இது பெரிய கொடை. ஆனால் திட்டம் குறித்த அறிவிப்பிலும் செய்தியிலும் தனியார் நிறுவனங்களின் விளம்பரத்திலும் நம் கண்ணில் படுவது இந்த ஓர் எண் மட்டும்தான்: விநாடிக்கு இத்தனை மெகாபிட். இணைப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை இந்த எண் தனியாகச் சொல்லிவிடாது. ஒரு தரவுப் பொதி எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்ற கணக்குதான் அதைச் சொல்லும். அந்தக் கணக்கை ஊராட்சி வாரியாகப் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் கணக்கின் உறுப்புகளைப் பார்த்துவிடுவோம். நாம் அனுப்பும் படமோ பணமோ குரலோ, பாக்கெட் எனப்படும் சிறு பொதிகளாக வெட்டப்பட்டுத்தான் கேபிளில் ஏறுகிறது. வழக்கமான பெரிய பொதி 1,500 பைட். பிட் கணக்கில் 12,000. இது தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போக நான்கு வகையில் நேரம் செலவாகும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கேபிள் சுற்றுவழியில் 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பயண நேரம் 2 மில்லி விநாடிதான். அடுத்தது, 12,000 பிட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேபிளில் ஏற்றி முடிக்கும் நேரம். 1 மெகாபிட் இணைப்பில் இது 12 மில்லி விநாடி, 10 மெகாபிட்டில் 1.2, ஒரு கிகாபிட்டில் மில்லி விநாடியில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். ரவுட்டர் பொதியின் முகவரியைப் படித்து வழி தீர்மானிக்கும் நேரம் மைக்ரோ விநாடிகளில் முடிகிறது, அதை விட்டுவிடலாம். நான்காவது, தனக்கு முன்னால் வந்த பொதிகள் போய் முடியும்வரை ரவுட்டரின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும் நேரம். முதல் மூன்றும் காலையிலும் இரவிலும் ஒன்றே. நான்காவது மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பயனாளர் படும் அவதி பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

வரிசையைக் கணக்கிடும் முறை இணையத்தைவிட வயதில் மூத்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங், அழைப்புகள் எந்த ஒழுங்குமின்றி வந்து சேர்வதைக் கணித வடிவில் 1909-இல் எழுதினார். 1960-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த லெனார்ட் கிளைன்ராக், செய்திகளைச் சேமித்து வைத்து அனுப்பும் வலைப்பின்னல்களுக்கு இதைப் பொருத்தினார். அதன் மிக எளிய வடிவம் இது: இணைப்பின் கொள்ளளவில் எத்தனை பங்கு பயன்பாட்டில் இருக்கிறதோ அதை ஒன்றிலிருந்து கழியுங்கள், ஒரு பொதியை ஏற்றும் நேரத்தை அந்த மீதியால் வகுத்தால் சராசரித் தாமதம் கிடைக்கும். 10 மெகாபிட் இணைப்பில் போட்டுப் பாருங்கள். பாதி நிரம்பியிருக்கும்போது 2.4 மில்லி விநாடி. 80 சதவீதம் நிரம்பினால் 6. 90 சதவீதத்தில் 12. 95-இல் 24. 99 சதவீதத்தில் 120. பாதியிலிருந்து எண்பதுக்கு ஏறியபோது கூடியது நான்கு மில்லி விநாடிகூட இல்லை. தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியபோது கிட்டத்தட்ட நூறு. மீட்டரில் நான்கு சதவீதப் புள்ளிகள்தான் நகர்ந்திருக்கின்றன, தாமதமோ ஐந்து மடங்காகிவிட்டது. இதுவும் சராசரிதான். இதே கணக்கின்படி இருபதில் ஒரு பொதி சராசரியைப்போல் மூன்று மடங்கு நேரம் காத்திருக்கும். குரல் அழைப்பில் ஒரு சொல் விழுங்கப்படுவதும், மருத்துவருடனான காணொளி உறைந்து நிற்பதும் அந்த இருபதாவது பொதியால்தான்.

இணைப்பு நிரம்ப நிரம்பத் தாமதம் செங்குத்தாக எழும் இந்த வளைவை நம் ஒழுங்குமுறை அமைப்பும் அறியாமல் இல்லை. அகன்றலைச் சேவையின் தரம் குறித்து இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் வெளியிட்ட விதிகளில், ஒரு நிறுவனத்தின் உள் இணைப்புகள் நெரிசல் நேரத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 90 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே நெரிசல் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. காலியான இணைப்போடு ஒப்பிட்டால் 80 சதவீதத்தில் தாமதம் ஐந்து மடங்கு, 90-இல் பத்து மடங்கு. வளைவு செங்குத்தாக எழத் தொடங்கும் இடத்தில்தான் இந்த இரு எண்களும் விழுகின்றன. 2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட புதிய விதிகள் தரைவழி, கைபேசி, அகன்றலை மூன்றையும் ஒரே ஒழுங்குமுறையின் கீழ்க் கொண்டுவந்தன; அவற்றிலும் தாமதத்துக்கும் பொதி இழப்புக்கும் வரம்பு உண்டு. ஆக, கணக்கு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இம்மாவட்டத்தின் பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் ஒருவர் தன் ஊரின் எண்ணைப் பார்க்க வழி மட்டும்தான் இல்லை.

கணிதம் அறிந்தவர்கள் இங்கே ஒரு தடை சொல்வார்கள். கிளைன்ராக்கின் சூத்திரம் பொதிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக வந்து சேர்கின்றன என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அப்படி வருவதில்லையே என்பார்கள். சரியான தடைதான். பெல்கோர் ஆய்வகத்தில் ஈத்தர்நெட் போக்குவரத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து பார்த்த லேலண்டும் டக்குவும் வில்லிங்கரும் வில்சனும், பொதிகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, அந்தக் கூட்டம் விநாடியிலும் தெரிகிறது, மணியிலும் தெரிகிறது என்று 1990-களின் முற்பகுதியில் காட்டினார்கள். ஆனால் இதனால் என் வாதம் தளரவில்லை. கூட்டமாக வரும்போது வரிசை இன்னும் நீளும். அதாவது எளிய சூத்திரம் சொல்வதைவிட உண்மை நிலை மோசமாகத்தான் இருக்கும். மேலும், பொதிகள் வரும் விதம் பற்றி எந்த அனுமானமும் தேவைப்படாத ஒரு விதியும் நம்மிடம் உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியது அது: வரிசையில் சராசரியாக நிற்கும் பொதிகளின் எண்ணிக்கையை, ஒரு விநாடியில் கடந்து செல்லும் பொதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரித் தாமதம். ரவுட்டரில் சராசரியாக 40 பொதிகள் நிற்கின்றன, விநாடிக்கு 2,000 போகின்றன என்றால் தாமதம் 20 மில்லி விநாடி. பொதிகள் எப்படி வந்தாலும் இது பொருந்தும். இந்த இரண்டு எண்ணிக்கைகளும் பெரிய ரவுட்டர்களில் எடுக்கக் கூடியவை.

இனி மறுமுனையில் சேரும் அளவுக்கு வருவோம். கொள்ளளவு என்பது கேபிள் தாங்கும் அளவு. சேரும் அளவு என்பது உங்கள் கைக்கு வந்த அளவு. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அனுப்பும் கணினி, வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைக்காமல் ஓரளவுக்கு மேல் அனுப்பாது. பொதிகள் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறையின் பழைய வடிவில் அந்த அளவு 65,535 பைட். செயற்கைக்கோள்வழி இணைப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு பொதி மேலே போய்க் கீழே வரவும், பதில் அதே வழியில் திரும்பவும் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 65,535 பைட்டை அந்த நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 1.1 மெகாபிட். செயற்கைக்கோள் இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு கோப்பு இறங்குவது அந்த 1.1 வேகத்தில்தான். 1992-இல் வந்த நீட்டிப்பு இந்த வரம்பை உயர்த்திவிட்டது என்பது உண்மை. ஆனால் இழப்பு என்ற இன்னொரு தளை அப்படியே நிற்கிறது. மேத்திஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் தந்த சூத்திரத்தின்படி, சேரும் அளவு போய்வரும் நேரத்துக்கு நேர்மாறாகவும் இழப்பு வீதத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவும் குறைகிறது. போய்வரும் நேரம் 50 மில்லி விநாடி, நூறு பொதியில் ஒன்று தொலைகிறது என்று வைத்தால் ஓர் இணைப்பில் கிடைப்பது 3 மெகாபிட்டுக்கும் குறைவு. பத்தாயிரத்தில் ஒன்று மட்டும் தொலைந்தால் அதுவே 28 மெகாபிட். கியூபிக், பிபிஆர் போன்ற பிற்கால முறைகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் கொள்ளளவையும் போய்வரும் நேரத்தையும் சேர்த்தே அளந்து தன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தாமதத்தை அளக்காமல் சேரும் அளவை நிர்வகிக்க முடியாது என்பதற்கு அந்த வடிவமைப்பே சான்று.

தொலைவு அதிகம் என்பதால்தான் கிராமத்து இணையம் மந்தம் என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு வரலாறே பதில் தருகிறது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சேரும் அளவு விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. கிலோபிட் அல்ல, பிட். எண்ணூறில் ஒரு பங்கு. இடைத்தொலைவு 400 கஜம்தான். கேபிள் அறுபடவில்லை, கருவி எதுவும் பழுதாகவில்லை. வரிசை நீண்டதால் பதில் தாமதமாயிற்று. பதில் வராததால் பொதி தொலைந்துவிட்டது என்று கருதிய கணினிகள் அதையே மறுபடி அனுப்பின. அதனால் வரிசை இன்னும் நீண்டது. கேபிள் முழுக்க நிறைந்திருந்தது, ஆனால் பயனுள்ள தரவு போய்ச் சேரவில்லை. வான் ஜேகப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட கட்டுரையின் வழிமுறைகள்தான் இன்றும் நம் கைபேசிக்குள் ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நானூறு கஜத்தில் நடந்தது அரூருக்கும் சென்னைக்கும் இடையில் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது வலுவான மறுப்புக்கு வருகிறேன். கொள்ளளவைக் கூட்டிவிட்டால் வரிசை தானாகக் கரைந்துவிடுமே, பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? இதில் பாதி உண்மை இருக்கிறது. 90 சதவீதம் நிரம்பிய இணைப்பை இரட்டிப்பாக்கினால் பயன்பாடு 45-க்கு இறங்கும். தாமதம் பத்து மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். பெரிய இணைப்பில் ஒவ்வொரு பொதியும் விரைவாகக் கடப்பதால் கிகாபிட் கேபிளில் தாமதம் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்த கிகாபிட், அங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போகிறது? சேலத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் லாரிகள் தொப்பூர் கணவாயில் என்ன வேகத்தில் ஏறுகின்றனவோ அதுதானே பயணத்தின் வேகம். கடைசி ஒரு கிலோமீட்டர் பழைய செப்புக் கம்பியாகவோ, பல சிற்றூர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே டவராகவோ இருந்தால் வரிசை அங்கே போய் நிற்கும். அதுமட்டுமல்ல. பொதி தொலையக் கூடாதே என்று நினைவகத்தைத் தாராளமாக வைத்த கருவிகளால் புதிய தொல்லை வந்ததை ஜிம் கெட்டிஸ் 2010 முதல் விரிவாக எடுத்துக்காட்டினார். 256 கிலோபைட் நினைவகம் உள்ள ஒரு மோடம், 1 மெகாபிட் வேகத்தில்தான் மேலே அனுப்ப முடியும் என்று வையுங்கள். வீட்டில் ஒருவர் திருமண வீடியோவை ஏற்றத் தொடங்கியதும் அந்த நினைவகம் நிரம்பிவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு பொதியும் இரண்டு விநாடிக்கு மேல் நிற்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் இணையவழித் தேர்வு எழுதும் பெண்ணுக்கு இணைப்பு இருந்தும் இல்லாத நிலை. நிக்கோல்ஸும் ஜேகப்சனும் 2012-இல் தந்த கோடல் முறை இதைத் தீர்க்கிறது. அதற்குப் புதிய கேபிள் வேண்டாம். கருவியின் மென்பொருளில் மாற்றம் போதும். எந்த இடத்தில் கேபிள் வேண்டும், எந்த இடத்தில் அமைப்பை மாற்றினாலே போதும் என்பதை அளந்து பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொரு மறுப்பும் காதில் விழுகிறது. மில்லி விநாடி எல்லாம் பங்குச் சந்தைக்காரருக்கும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டியது. விவசாயிக்கு எதற்கு என்கிறார்கள். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ ரேஷன் கடையில் ஒரு மூதாட்டி விரல் வைக்கிறார். விற்பனைக் கருவியிலிருந்து கிளம்பும் செய்தி சில கிலோபைட்தான். நான்கு கிலோபைட் என்றால் 1 மெகாபிட் இணைப்பிலேயே 33 மில்லி விநாடியில் ஏறிவிடும். ஆதார் ஆணையத்தின் தரவு மையங்கள் பெங்களூரு ஹெப்பாலிலும் ஹரியாணா மானேசரிலும் உள்ளன. மானேசர் வரை 2,300 கிலோமீட்டர் கேபிள் என்று கொண்டாலும் ஒளி போய்வர 23 மில்லி விநாடி. ஆக, கொள்ளளவும் இங்கே பிரச்சினை இல்லை, தொலைவும் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தச் செய்தி புறப்படுவதற்கு முன்பே பல சுற்றுப் பேச்சு நடந்தாக வேண்டும். சர்வரின் முகவரி கேட்க ஒரு சுற்று, தொடர்பு ஏற்படுத்த ஒன்று, ரகசியக் குறியீட்டுக்குப் பழைய முறையில் இரண்டு, பிறகு கேள்வியும் பதிலுமாக ஒன்று: மொத்தம் ஐந்து. போய்வர 60 மில்லி விநாடி என்றால் 0.3 விநாடியில் முடிந்துவிடும். டவரில் வரிசை நின்று அது 800 ஆனால் 4 விநாடி. தொடர்பு கேட்கும் முதல் பொதி தொலைந்தால் 1 விநாடி காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதுவும் தொலைந்தால் மேலும் 2, பிறகு 4. மூன்று முறை தொலைந்தால் 7 விநாடி வெறுமனே போகும். அதற்குள் கருவி தோல்வி என்று காட்டிவிட்டால் மறுபடி விரல், மறுபடி ஐந்து சுற்று. மாதத் தொடக்கத்தில் கடை வாசலில் வெயிலில் நிற்கும் மனிதர்களின் வரிசையை நீட்டுவது டவரில் நிற்கும் பொதிகளின் வரிசைதான். அந்த மூதாட்டிக்கு 100 மெகாபிட் ஒரு பொருட்டே இல்லை. மில்லி விநாடிதான் அவருடைய அரைநாள் கூலி. ரகசியக் குறியீட்டுச் சுற்று இரண்டை ஒன்றாக்க உலகப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 2018-இல் புதிய நெறிமுறை கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பின் நோக்கங்களில் ஒன்று ஒரே ஒரு சுற்றை மிச்சப்படுத்துவது.

எண்கள்தான் ஏற்கெனவே வெளியாகின்றனவே என்று சொல்பவர்களுக்கு ஒரு சொல். கைபேசிச் சேவையின் தரம் பெரிய பரப்புக்கு ஒன்றாகச் சராசரியிடப்படுகிறது. தமிழ்நாட்டின் எண் என்பது சென்னையும் கோவையும் மதுரையும் பென்னாகரமும் ஒன்றாகக் கலந்த எண். பொதிகள் அதிகம் புழங்கும் நகரங்களே அந்தச் சராசரியைத் தீர்மானிக்கும். மலையூர்ப் பொதிகள் அதில் கரைந்துபோகும். நேரத்திலும் இதே கதைதான். இருபத்து நான்கு மணிக்கும் சராசரி எடுத்தால் விடியற்காலை மூன்று மணியின் வெறிச்சோடிய கேபிள், இரவு எட்டு மணியின் நெரிசலை மறைத்துவிடும். சராசரிப் பயன்பாடு 60 சதவீதம் என்று ஏட்டில் இருக்கும் இணைப்பு, மக்கள் வீட்டில் இருக்கும் மூன்று மணி நேரமும் 97-இல் நின்றிருக்கலாம். இந்த இரண்டும் ஒரே நாளுக்குள் அடங்கும்.

அதனால் நான் கேட்பது மிகச் சிறிது. 251 ஊராட்சிகளிலும் ஒவ்வோர் இடத்தில், போய்வரும் நேரம் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பதியப்படட்டும். பிங் என்ற பழைய கருவி அனுப்பும் பொதி 84 பைட், திரும்பி வருவதும் 84. முப்பது நாளைக்கு 43,200 முறை அளந்தாலும் மொத்தத் தரவு 7.3 மெகாபைட், ஒரு பாட்டுக் கோப்பைவிடச் சற்றுக் கூடுதல். பழைய கைபேசி ஒன்று இதற்குப் போதும். செலவாகும் என்ற மறுப்புக்கு இங்கே இடமில்லை. வெளியிடும்போது சராசரியை மட்டும் போடாமல், இரவு 7 முதல் 10 வரையிலான நேரத்தில் மிக மோசமான இருபதில் ஒரு பங்கு எவ்வளவு, தொலைந்தவை எத்தனை, இணைப்பு சும்மா இருக்கும்போது எவ்வளவு, கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு என்று நான்கு எண்களைத் தர வேண்டும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இம்மாவட்டக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். சும்மா இருக்கும்போதே நேரம் அதிகமென்றால் பாதை சுற்றுகிறது; அதைச் சரிசெய்ய வேண்டியது இணைப்புத் தரும் நிறுவனம். இரவில் மட்டும் உயர்ந்தால் கொள்ளளவு போதவில்லை. கோப்பு ஏறும்போது மட்டும் உயர்ந்தால் கருவியின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். வரிசை இல்லாதபோதும் பொதி தொலைந்தால் மின்கம்பத்தில் கேபிள் தொய்ந்திருக்கலாம், இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம், டவர் சிக்னல் மெலிந்திருக்கலாம். இந்த நான்கு எண்களும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டால், மே 1-ஆம் தேதி கிராம சபையில் தண்ணீர்த் தொட்டியையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்பதுபோல இதையும் எழுந்து நின்று கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் அந்த எண்களிலேயே இருக்கும்.